பிர்கியில் மூன்று நாட்கள்: துருக்கியின் மலையடிக் கிராமத்துக்கு முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

துருக்கிக்குச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் இஸ்தான்புல்லையும், பலூன் பறக்கும் கப்படோக்கியாவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவ்விரண்டும் பார்க்க வேண்டிய இடங்களே. ஆனால் அந்த நாட்டு மக்கள் எப்படி வாழ்கிறார்கள், அந்நியர் ஒருவர் வாசலில் வந்து நின்றால் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அறிய விரும்புபவர் ஒரு கிராமத்தில் குறைந்தது இரண்டு இரவாவது தங்க வேண்டும். அதற்கு நான் முதலில் பரிந்துரைக்கும் ஊர், இஸ்மிர் மாகாணத்தின் உட்பகுதியில், குச்சுக் மெந்தெரெஸ் ஆற்றுச் சமவெளி முடிந்து போஸ்தா மலை எழத் தொடங்கும் இடத்தில், ஓர் ஓடையின் இரு கரையிலும் அமைந்திருக்கும் பிர்கி. 14ஆம் நூற்றாண்டில் ஐதின்ஓலு சிற்றரசின் தலைநகராக இருந்த இந்த ஊர், இன்று கல்லும் மரமும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகளும், அத்தி, ஆலிவ், வால்நட் மரங்களும் சூழ்ந்த அமைதியான இடமாக இருக்கிறது. 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. 2022இல் உலகச் சுற்றுலா அமைப்பின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தேர்வு பெற்றது. அதனால் சனி, ஞாயிறுகளில் இஸ்மிர் நகரத்தார் கார்களில் வந்து குவிகிறார்கள். உங்கள் நாட்களைத் திங்கள் முதல் வெள்ளிக்குள் அமைத்துக்கொண்டால்தான் நீங்கள் தேடிவந்த அமைதி கிடைக்கும்.

எப்போது செல்வது

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரையும் ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சமவெளியின் வெயில் நம் ஊர்க் கத்திரியை நினைவூட்டும். குளிர்காலத்தில் மழை பெய்யும். 2,159 மீட்டர் உயரமுள்ள போஸ்தா சிகரத்தில் பனி படியும். வீடுகளில் விறகு அடுப்பு எரியும் அறை ஒன்றுதான் கதகதப்பாக இருக்கும். இலையுதிர் காலத்தையே நான் விரும்புகிறேன். அப்போது மலைச்சரிவில் செஸ்நட் கொட்டை உதிரும், வீட்டு முற்றங்களில் குளிர்காலத்துக்கான சேமிப்பு வேலை நடக்கும், பேசுவதற்கு மக்களுக்கு நேரமும் இருக்கும்.

ரமலான் மாதத்திலும் செல்லலாம். பகலில் தெருவில் நடந்துகொண்டே தின்பதையும் குடிப்பதையும் தவிர்ப்பது மரியாதை. இரண்டு பெருநாட்களையும் ஒட்டிய நாட்களில் நாடு முழுவதும் சொந்த ஊருக்குப் பயணப்படுவதால் ரயிலிலும் பேருந்திலும் இடம் கிடைப்பது அரிது. புதியவர்கள் அந்த வாரங்களைத் தவிர்க்கவும்.

புறப்படுவதற்கு முன்

விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களில் அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு உரிமையோ உள்ளவர்களுக்கு இணையவழி விசா தரும் நடைமுறை இருந்துவருகிறது; மற்றவர்கள் விண்ணப்ப மையம் வழியாகப் பெற வேண்டும். துருக்கி அரசின் இணையதளத்தைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே விமானச் சீட்டு வாங்குங்கள். அந்நாட்டு நேரம் ஆண்டு முழுவதும் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது.

தங்குவதற்குப் பழைய வீடுகளைச் சீர்செய்து நடத்தும் சிறு விடுதிகள் பிர்கியில் இருக்கின்றன. முன்பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டியவை இரண்டு: எந்த நேரத்துக்கு வந்து சேர்வீர்கள் என்பதும், எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதும். சிறு இடங்களில் சமைப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரரே என்பதால், முன்கூட்டிச் சொன்னால் உங்களுக்காக ஒன்றைச் செய்துவைக்க அவருக்கு வழி கிடைக்கும். மேடு பள்ளமான கல் பாவிய தெருக்களுக்கு ஏற்ற காலணியும், எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பும் தேவை. தோளையும் முழங்காலையும் மறைக்கும் ஆடை ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். பெண்கள் ஒரு துப்பட்டாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டால் பள்ளிவாசலுக்குள் செல்லும்போது உதவும்.

ரயிலும் தொல்முஷும்

இஸ்மிர் நகரின் பஸ்மானே நிலையத்திலிருந்து பிர்கிக்கு அருகிலுள்ள ஒதெமிஷ் நகருக்குப் பயணியர் ரயில் நாள்தோறும் சில முறை ஓடுகிறது. பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேருந்து விரைவானது என்று சிலர் சொல்வார்கள். இருந்தாலும் ரயிலில் செல்லும்படியே சொல்வேன். வாரச்சந்தைக்குச் சென்று திரும்பும் பெண்களும், மாணவர்களும், முதியவர்களும் ஏறி இறங்கும் அந்தப் பெட்டியில், சன்னலுக்கு வெளியே சோளமும் உருளைக்கிழங்கும் விளையும் வயல்களைப் பார்த்தபடி செல்லும்போதே கிராமத்துக்குரிய நிதானம் நமக்குள் வந்துவிடுகிறது.

ஒதெமிஷில் இறங்கியதும் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. அங்கேயே ஏடிஎம்மில் லிரா எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் பாட்டி ஒருவரிடம் ஒரு கிலோ அத்திப்பழம் வாங்குவதற்கு அட்டை உதவாது. இனிப்புக் கடையில் 'லொக்கும்' எனப்படும் மென்மையான துருக்கி இனிப்பையும் அரைக் கிலோ ஒரு பெட்டியில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். வந்து சேரும் நாள் சனிக்கிழமையாக இருந்தால், அன்று நகரத் தெருக்களில் பரவிக் கிடக்கும் பெரிய வாரச்சந்தையில் ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள்.

அங்கிருந்து பிர்கிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு. தொல்முஷ் எனப்படும் மினிபஸ் செல்லும். 'தொல்முஷ்' என்ற சொல்லுக்கே 'நிரம்பியது' என்று பொருள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் கட்டணத்தை முன்னால் இருப்பவரிடம் நீட்டுவார். அது கைமாறி ஓட்டுநரிடம் சென்று, மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பிவரும். நெரிசலான நம் நகரப் பேருந்தில் பயணச்சீட்டு வாங்கிப் பழகியவருக்கு இதில் தயக்கம் இருக்காது. இறங்க வேண்டிய இடம் வந்ததும் 'இனெஜெக் வார்' என்று உரக்கச் சொல்லுங்கள். 'இறங்க ஆள் இருக்கு' என்பதுதான் அதன் பொருள். கடைசி வண்டி எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதை ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் வண்டி நின்றுவிட்டால் வாடகைக் கார்தான் வழி.

பெயர்ப் பலகையில் கிராமம் என்பதற்குரிய 'கோய்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'மஹல்லே' என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2014 முதல் பெருநகர மாகாணங்களின் கிராமங்களெல்லாம் சட்டப்படி நகராட்சியின் பகுதிகளாக மாறிவிட்டன. ஊரார் பேச்சில் கிராமம் கிராமமாகவே இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்த்தலைவரான முஹ்தாரும் இருக்கிறார். வழி தவறினாலோ, பொருள் தொலைந்தாலோ, தங்க இடம் கிடைக்காவிட்டாலோ அவரைத் தேடிச் செல்வதே முறை.

நாவில் இருக்க வேண்டிய சொற்கள்

தமிழ் பேசுபவர் துருக்கி மொழியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் அல்ல. ஆனால் வாக்கியம் அமையும் விதம் நமக்குக் கைவந்த விதம். வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டும். 'எவ்' என்றால் வீடு, 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெர்தெ' வீடுகளில். இஸ்மிரிலிருந்து என்பதற்கு 'இஸ்மிர்தென்', இஸ்மிருக்கு என்பதற்கு 'இஸ்மிரெ'. 'வார்' என்றால் இருக்கிறது, 'யோக்' என்றால் இல்லை. நம் கேள்வியில் 'ஆ' சேர்வதைப் போல அங்கே 'மி' சேரும். 'சாய் வார் மி?' என்றால் 'டீ இருக்கா?'. இந்த மூன்று துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டே ரொட்டி, தண்ணீர், அறை, பேருந்து எல்லாவற்றையும் கேட்டுவிடலாம். இன்னொன்றும் எனக்கு வியப்பளித்தது. தாம் நேரில் காணாமல் பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும்போது அவர்கள் வினையோடு 'மிஷ்' சேர்க்கிறார்கள். 'வந்தானாம்', 'போனாளாம்' என்று நாம் 'ஆம்' சேர்க்கும் அதே இடம்.

உறவுமுறை விளிகளும் அப்படியே. தாயின் சகோதரி 'தெய்ஸெ', தந்தையின் சகோதரி 'ஹலா', தந்தையின் சகோதரர் 'அம்ஜா', தாயின் சகோதரர் 'தாயி' என்று நான்கு பேருக்கும் நான்கு சொற்கள் உண்டு. அவற்றில் தெய்ஸெயும் அம்ஜாவும், கிராமங்களில் தாயியும், முன்பின் தெரியாத முதியவர்களை அழைக்கவும் பயன்படுகின்றன. உங்களைவிடச் சற்று மூத்தவர் என்றால் ஆணை 'ஆபி', பெண்ணை 'ஆப்லா' என்று அழையுங்கள். வாசலில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருக்கும் மூதாட்டியைப் பார்த்து 'தெய்ஸெ' என்று தொடங்கினால், அதற்கு மேல் உங்கள் இலக்கணம் எவ்வளவு பிழையாக இருந்தாலும் அவர் முகம் மலர்ந்துவிடும்.

தெருவில் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் வெறும் வணக்கத்தோடு கடந்து செல்லாமல் 'கொலாய் கெல்சின்' என்று சொல்லுங்கள். வேலை எளிதாக அமையட்டும் என்று பொருள். மண் வெட்டுபவர், சுவர் பூசுபவர், கடை கூட்டுபவர் எல்லோருக்கும் இது பொருந்தும். 'ஹோஷ் கெல்தினிஸ்' என்று உங்களை வரவேற்றால் 'ஹோஷ் புல்துக்' என்பது மறுமொழி. சமைத்தவரிடம் 'எலினிஸெ சாலிக்'. உங்கள் கைகளுக்கு நலம் உண்டாகட்டும் என்று அதற்குப் பொருள். குழந்தையைப் பாராட்டினால் 'மாஷல்லாஹ்' சேர்த்துச் சொல்ல மறக்க வேண்டாம். கண்ணேறு பற்றிய அச்சம் அங்கும் ஆழமானது. நீலக் கண்ணாடி மணி தொங்காத வாசல் அரிது.

ஒரு சைகையில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே மறுப்பதற்குப் புருவத்தை உயர்த்தி, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, நாவால் 'ச்' என்று ஒலிப்பார்கள். அது அவமதிப்பு அன்று. நாம் ஆமோதிக்கும்போது தலையை இரு பக்கமும் அசைப்பது அவர்களுக்கு 'புரியவில்லை' என்று படும். ஆகவே ஆம் என்றால் 'எவெத்', வேண்டாம் என்றால் 'ஹாயிர்' என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

தேநீரும் வீட்டு வாசலும்

ஊருக்குள் சென்றதும் பையை அறையில் வைத்துவிட்டு, முதல் வேலையாகச் சதுக்கத்துத் தேநீர்க்கடைக்குச் சென்று உட்காருங்கள். கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். ஒரு மணி நேரம் அங்கே இருந்தால் நீங்கள் வந்திருக்கும் செய்தி ஊருக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு தெருவில் நடக்கும்போது நீங்கள் அந்நியர் அல்லர். பழைய காப்பிக் கடைகளின் உட்புறம் ஆண்கள் கூடிச் சீட்டும், 'ஓக்கே' எனும் எண்வில்லை ஆட்டமும் ஆடும் இடம். பெண் பயணிகள் சென்றால் யாரும் தடுப்பதில்லை என்றாலும், மரத்தடி மேசைகளில் அமர்வது இரு தரப்புக்கும் இயல்பாக இருக்கும்.

தேநீர் இடை சிறுத்த சிறு கண்ணாடிக் குவளையில், பாலில்லாமல் வரும். ஒன்றன் மேல் ஒன்றாக அமர்ந்த இரட்டைப் பாத்திரத்தில், மேலே உள்ள கெட்டியான சாற்றைக் கொஞ்சம் ஊற்றி, கீழே கொதிக்கும் நீரால் நிரப்புவார்கள். இலேசாக வேண்டுமென்றால் 'ஆச்சிக்' என்று சொல்லுங்கள். குவளையின் விளிம்பைப் பிடித்தால்தான் கை சுடாது. காலியானால் கேட்காமலே நிரப்புவார்கள். போதும் என்பதற்கு அடையாளம், சிறு கரண்டியைக் குவளையின் வாயின் மேல் குறுக்கே வைப்பது.

யாராவது வீட்டுக்கு அழைத்தால் உடனே ஒப்புக்கொள்ளாமல் ஒரு முறை பணிவாக மறுத்துப் பாருங்கள். மீண்டும் அழைத்தால் அது மனமார்ந்த அழைப்பு. சொல்லாமல் வந்து நிற்பவரை 'கடவுளின் விருந்தினர்' என்று சொல்லும் வழக்கம் அவர்களிடம் உண்டு. அனதோலியக் கிராமங்கள் பலவற்றில் வழிப்போக்கர் தங்குவதற்கென்றே ஊர்ப் பொது அறை ஒன்று இருந்தது. வாங்கிவைத்த லொக்கும் பெட்டிக்கு இப்போதுதான் வேலை. நாம் பழமோ இனிப்போ இல்லாமல் ஒருவர் வீட்டுப் படி ஏற மாட்டோம் அல்லவா, அதே நியாயம்தான். காலணியை வாசலிலேயே கழற்றுங்கள். உள்ளே போட்டுக்கொள்ள வேறு செருப்புத் தருவார்கள். உட்கார்ந்ததும் ஒருவர் எலுமிச்சை மணமுள்ள 'கொலோன்யா' எனும் வாசனைநீர்ப் புட்டியோடு வருவார். இரு உள்ளங்கைகளையும் குவித்து நீட்டி, ஊற்றியதைக் கைகளில் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு காலையில், என்னை அழைத்திருந்த வீட்டின் பின்கட்டில், தரையில் விரித்த துணி மேல் வட்டப் பலகையை வைத்து ஒரு தெய்ஸெ மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். நம் பூரிக்கட்டையைவிட மிக மெலிந்து, கை நீளத்துக்கு இருந்த கோல் அது. உருண்டையைக் கோலில் சுற்றி, உள்ளங்கைகளால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, விரித்து, கால் வட்டம் திருப்பி, மீண்டும் சுற்றினார். ஆறேழு முறை செய்ததும் பலகையின் பூப்பின்னல் தெரியும் அளவுக்கு மாவு மெலிந்துவிட்டது. அதில் கீரையும் பாலாடைக்கட்டியும் தூவி மடித்து, குவிந்த இரும்புத் தகட்டின் மேல் போட்டுச் சுட்டுத் தந்தார். கோலை என்னிடம் நீட்டினார். என் கையில் மாவு கிழிந்தபோது, கிழிந்த இடத்தை எச்சில் படாமல் தண்ணீரால் ஒட்டக் காட்டினார். பேச்சு பத்துச் சொல்லுக்கு மேல் இல்லை. வேலையில் கலந்துகொள்வதை அங்கே எவரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மாறாக, கைகட்டி நின்று படம் பிடிப்பதுதான் இடைவெளியை உண்டாக்கும். படம் வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். பெண்கள் மறுத்தால் இரண்டாம் முறை கேட்க வேண்டாம். யாராவது தட்டில் பலகாரம் கொடுத்தனுப்பினால், அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காமல் இரண்டு பழமாவது வைத்துக் கொடுங்கள். அதுவும் அவர்களுடைய வழக்கமே.

உணவு

காலை உணவே பெரிய உணவு. ஆலிவ், தக்காளி, வெள்ளரி, இரண்டு மூன்று வகைப் பாலாடைக்கட்டி, முட்டை, வீட்டில் செய்த பழப்பாகு, தேன், புது ரொட்டி என மேசை நிறைய வரும். சைவ உணவினருக்கு ஏகேயன் கடலை ஒட்டிய இந்தப் பகுதி நல்ல இடம். பீன்ஸ், கூனைப்பூ, திராட்சை இலைச் சுருட்டு போன்றவற்றை ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறுவார்கள். காட்டுக் கீரைகளை வதக்கித் தருவார்கள். ஆனால் 'இறைச்சி இல்லாதது' என்று மட்டும் கேட்டால் கோழியும் இறைச்சிச் சாறும் இறைச்சிக் கணக்கில் சேராது என்று எண்ணுபவர்கள் உண்டு. 'எத் யெமியோரும், தவுக் தா, பாலிக் தா யெமியோரும்' என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் பெயர் சொல்லி மறுங்கள். பருப்பு சூப்பு கேட்கும்போது இறைச்சிச் சாறு சேர்த்ததா என்றும் விசாரியுங்கள். அய்ரான் நம் உப்பு மோரேதான். தயிரும் மாவும் காய்கறியும் சேர்த்துப் புளிக்கவைத்து, கோடை முடிவில் துணியில் பரப்பி வெயிலில் காயவைக்கும் தர்ஹானா, மொட்டைமாடி வடகத்தை அறிந்தவர்களுக்குப் பார்த்ததும் புரியும். ரொட்டித் துண்டு கீழே விழுந்து கிடந்தால் மிதிக்காமல் எடுத்து உயரமான இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஊரைச் சுற்றி

1312இல் ஐதின்ஓலு அரசர் மெஹ்மெத் பே கட்டிய பெரிய பள்ளிவாசலிலிருந்து தொடங்குங்கள். வெளிச்சுவரின் ஒரு மூலையில் பழங்காலப் பளிங்குச் சிங்கம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே நீலப்பச்சை ஓடுகள் பதித்த மிஹ்ராப் எனும் தொழுகைத் திசை மாடமும், வால்நட் மரத்தில் நுணுக்கமாகச் செதுக்கிய மிம்பர் எனும் உரைமேடையும் உள்ளன. தொழுகை முடிந்து மக்கள் வெளியேறிய பிறகு செல்லுங்கள்; வெள்ளி நண்பகலைத் தவிருங்கள். மேற்கூரையைத் தாங்குவது பழைய கட்டடங்களிலிருந்து கொண்டுவந்த தூண்கள் என்பதால், ஒன்றின் தலைப்பு மற்றொன்றைப் போல இருக்காது. ஒவ்வொன்றாக நின்று பாருங்கள்.

மெஹ்மெத் பேயின் காலத்தில், 1330களில், பயணியான இப்னு பதூதா இங்கே வந்து தங்கினார். கோடை வெயிலுக்காக மலை மேல் சென்றிருந்த அந்த அரசர், வானிலிருந்து விழுந்த கருங்கல் ஒன்றை அவருக்குக் காட்டி, கல்தச்சர்களை இரும்புச் சம்மட்டியால் அடிக்கச் சொன்னார். கல்லில் தடம்கூட விழவில்லை. அதே இப்னு பதூதா அடுத்த பத்தாண்டில் மதுரை சுல்தானின் அவைக்கும் வந்துசேர்ந்தார் என்பதை எண்ணும்போது, பிர்கி நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை என்று தோன்றுகிறது.

ஓடைக்கரையில் சாக்கிராகா மாளிகை மூன்று தளங்களாக நிற்கிறது. மேல் அறை ஒன்றின் சுவரில் இஸ்தான்புல்லும் மற்றொன்றில் இஸ்மிரும் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளன. அவ்விரு நகரங்களிலிருந்து வந்த மனைவியர் இருவரும் பிறந்த ஊரை நினைத்து ஏங்காதிருக்க வீட்டுக்காரர் தீட்டச் செய்தாராம். 16ஆம் நூற்றாண்டு அறிஞர் இமாம் பிர்கிவியின் அடக்கத்தலம் ஊருக்குச் சற்று வெளியே உள்ளது; அங்கே வேண்டுதலோடு வருபவர்கள் இருப்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். மலை மேல் கோல்ஜுக் ஏரி இருக்கிறது. வாகனத்தில் சென்று நடந்து வரலாம்.

மேய்ச்சல் நிலங்களில் நடப்பவர்களுக்கு உண்மையான ஆபத்து ஆட்டுக்கிடை நாய்களே. மந்தையைக் கண்டால் தொலைவிலேயே விலகிச் சுற்றிச் செல்லுங்கள். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள். நின்று, மேய்ப்பரைக் கூவி அழைத்து, முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவி, தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி கட்டாயம். எல்லா அவசரத்துக்கும் எண் 112. சிறு நோய்களுக்குக் குடும்ப நல மையமும், 'எஜ்ஸானெ' எனப்படும் மருந்துக்கடையும் உதவும். வழியோரக் கல் ஊற்றுகள் பல, இறந்தவர் நினைவாக அறமாகக் கட்டப்பட்டவை. 'இச்சில்மெஸ்', அதாவது குடிக்கத் தகாது, என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்க வேண்டாம்.

விடைபெறும்போது

புறப்படுவதற்கு முந்தைய இரவே ரயில் நேரத்தையும் தொல்முஷ் நேரத்தையும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். உங்களை விருந்தினராக நடத்தியவருக்குப் பணம் நீட்டுவது அவரைப் புண்படுத்தும். அவர் விற்கும் ஆலிவ் எண்ணெயோ பழப்பாகோ இருந்தால் அதை வாங்குங்கள், இல்லையென்றால் குழந்தைகளுக்கு ஒரு பொருள் கொடுங்கள். புறப்படுபவர் 'ஹோஷ்சா காலின்' என்பார், இருப்பவர் 'குலெ குலெ' என்பார். வண்டி நகரும்போது ஒரு செம்புத் தண்ணீரை உங்கள் பின்னால் தெருவில் ஊற்றுவார்கள். நீரைப் போலத் தடையின்றிப் போய் நீரைப் போலத் திரும்பி வர வேண்டும் என்பதற்காக. அப்போது சன்னலைத் திறந்து, தண்ணீர் ஊற்றியவர் கண்ணுக்கு மறையும் வரை கையசையுங்கள்.